சொன்னபடியே வந்த புயல்: பஃபலோ, டிசம்பர் 2022

ஒரு வானிலைக் கணிப்பு பொய்த்துப்போனால் அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் வருவார்கள். பலித்த கணிப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பலித்த கணிப்பு ஒன்று. நாள், நேரம், காற்று, குளிர் எல்லாம் ஏறக்குறைய சொன்னபடியே வந்தன. அப்படியிருந்தும் நியூயார்க் மாநிலத்தின் மேற்கு முனையில், பஃபலோ நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஈரி மாவட்டத்திலும் 47 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் பனிக்கு மிகவும் பழகிய ஊர் எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் பஃபலோதான். அங்கே இது நடந்தது.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள். விடியும்வரை வெப்பநிலை உறைநிலைக்கு மேலேதான் இருந்தது; இரவில் பெய்தது மழை. காலையில் குளிர் முகப்பு, அதாவது குளிர்க்காற்றின் முன்விளிம்பு, ஊரைக் கடந்ததும் எல்லாம் தலைகீழாக மாறியது. ஈரமான சாலை கண்ணாடியாக உறைந்தது. பக்கத்திலுள்ள ஈரி ஏரியிலிருந்து வந்த காற்று பனியைக் கிடைமட்டமாக வாரி இறைத்தது. முற்பகலிலேயே வண்டியின் முன்கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அந்த நிலை சுமார் 37 மணி நேரம் நீடித்தது. விமான நிலையத்தில் அன்று ஒரே நாளில் 22.3 அங்குலம் பனி. 27-ஆம் தேதிக்குள் மொத்தம் 51.9 அங்குலம். நம் கணக்கில் 132 சென்டிமீட்டர், ஒரு சிறுவனின் உயரம். விமான நிலையம் 28-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது.

புயலின் பிறப்பிடம் வெகு தொலைவில் இருந்தது. அலாஸ்கா பக்கம் மேல்வளிமண்டலத்தில் ஓர் உயரழுத்த மேடு எழும்பி நின்றது. அதன் கிழக்குச் சரிவில் ஆர்க்டிக் காற்று கனடாவின் வழியே தெற்கே சரிந்து இறங்கியது. டிசம்பர் 21 அன்று அது ராக்கி மலையின் கிழக்கடிவாரத்தைத் தொட்டபோது, வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் அரை மணி நேரத்தில் 40 ஃபாரன்ஹீட் டிகிரி இறங்கிவிட்டது. டென்வரில் ஒரு மணி நேரத்தில் 37 டிகிரி. அந்தக் குளிர்க்காற்றும் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறிய ஈரமான வெதுவெதுப்பும் பேரேரிகளுக்கு மேலே மோதிய இடத்தில் ஒரு தாழ்வழுத்தம் ஆழமாகிக்கொண்டே போனது. நடுவழுத்தம் 24 மணி நேரத்தில் 1003 மில்லிபாரிலிருந்து 968-க்கு விழுந்தது. இவ்வளவு வேகமாக ஆழமாகும் தாழ்வழுத்தத்தை ‘பாம் சைக்ளோன்’ என்கிறார்கள். 60 டிகிரி அட்சரேகையில் ஒரு நாளில் 24 மில்லிபார் குறைந்தால் அந்தப் பட்டம் கிடைக்கும். பஃபலோ இருக்கும் 43 டிகிரிக்கு 19 போதும். இங்கே குறைந்தது 35.

இத்தனை பெரிய அமைப்பைக் கணிப்பதுதான் எளிது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். கண்டத்தின் பாதியை மூடும் மேல்வளி அலைகளை இன்றைய கணினி மாதிரிகள் ஒரு வாரம் முன்னதாகவே ஓரளவு பிடித்துவிடும். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையத்தின் மாதிரி தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓடும். அமெரிக்க மாதிரி அதுபோல 31 முறை. ஐம்பத்தொன்றும் ஐம்பத்தொரு திசையில் சிதறினால் கணிப்பாளர் வாயைத் திறக்கமாட்டார். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் தைரியம் வரும். அந்த வாரம் அவை சாய்ந்தன. பஃபலோவிலுள்ள தேசிய வானிலை சேவை அலுவலகம், புயல் வருவதற்கு முன்பே தன் கணிப்புக் குறிப்பில் இதை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் வகையைச் சேர்ந்தது என்று எழுதிவிட்டது. அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் வாய்ச்சொல் வீரர்கள் அல்ல. ஆண்டுதோறும் ஆளுயரப் பனியைக் கண்டு கொட்டாவி விடுகிறவர்கள். அவர்கள் அப்படி எழுதினால் அதற்கு எடை அதிகம்.

கடினமான பகுதி ஏரி.

ஈரி ஏரி 388 கிலோமீட்டர் நீளம். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒரு நீண்ட மிளகாய் போலக் கிடக்கிறது. அதன் கிழக்கு நுனியில் பஃபலோ. பேரேரிகள் ஐந்திலும் இதுவே ஆழம் குறைந்தது, சராசரி 19 மீட்டர்தான். ஆழமில்லாததால் குளிர்காலத்தின் பிற்பகுதியில் சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்துவிட்டால் ஏரிப் பனிப்பொழிவும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே நவம்பரும் டிசம்பரும்தான் ஆபத்தான மாதங்கள்: தண்ணீர் திறந்திருக்கும், கோடையின் மிச்சச் சூடு அதில் இருக்கும், மேலே ஆர்க்டிக் காற்று வரத் தொடங்கியிருக்கும்.

இதன் இயக்கம் அடுப்பில் கொதிக்கும் தண்ணீரைப் போன்றதுதான். ஏரி நீரின் மேற்பரப்புக்கும் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் போதும். கீழே சூடேறி ஈரமெடுத்த காற்று குபுகுபுவென்று மேலெழும். அந்தக் காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து, கரையேறியதும் கொட்டிவிடும். உயரத்துக்கு உயரம் காற்றின் திசை 30 டிகிரிக்கு மேல் மாறினால் இந்தப் பனிமேகங்களின் பட்டை தளர்ந்து உடையத் தொடங்கும். மாறாவிட்டால் ஒரே ஒரு கெட்டியான பட்டையாக நிற்கும். அந்தப் பட்டையின் அகலம் சில சமயம் பதினைந்து, இருபது கிலோமீட்டர்தான். உள்ளே மணிக்கு மூன்று நான்கு அங்குலம் கொட்டும். வெளியே வெயில் அடிக்கும்.

பஃபலோக்காரர்களின் பனி அறிவு முழுவதும் இந்தப் பட்டையைப் பார்த்து வளர்ந்தது. காற்று மேற்கு-தென்மேற்காக இருந்தால் பட்டை நகரின் தெற்கிலுள்ள ஊர்களுக்குப் போகும்: ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க், லாக்கவான்னா. காற்று சில டிகிரி தெற்கே திரும்பினால் நகரின்மேல் ஏறும். இன்னும் திரும்பினால் நயாகராப் பக்கம் போய்விடும். ‘தெற்கூர்களில் கொட்டட்டும், நாம் வடக்கே இருக்கிறோம்’ என்பது அங்கே பொதுப்புத்தி. அது பெரும்பாலும் சரியாகவும் இருந்துவந்தது. 2022 டிசம்பரில் வந்த வினையில் பாதி இந்தப் பொதுப்புத்தியால் வந்தது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் ஒரு மாதம் முன்புதான் அது மறுபடி மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 17 முதல் 20 வரை ஏரிப் பனிப்பொழிவு ஆர்ச்சர்ட் பார்க்கிலும் ஹாம்பர்க்கிலும் 80 அங்குலத்தைக் குவித்தது. இரண்டு மீட்டர்! கூரை மட்டத்துக்குப் பனி நிற்கும் படங்கள் உலகமெங்கும் சுற்றின. பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். ஆனால் காற்று பெரிதாக இல்லை, கண்ணுக்கு வழி தெரிந்தது. பயணத் தடை பனி பெருகும் முன்பே, இரவில், போடப்பட்டது. இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊர் நிமிர்ந்து நின்றது: எண்பது அங்குலம் வந்தும் நாம் சமாளித்தோம்.

அடுத்த மாதக் கணிப்பில் வந்த எண் அதைவிடச் சிறியது. இரண்டு அடி, மூன்று அடி என்ற அளவில் பேச்சு. எண்பதைப் பார்த்தவனிடம் முப்பதைச் சொன்னால் அவன் எப்படிப் பயப்படுவான்?

இங்கே ஒரு சொல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழில் ‘பனி’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மார்கழிக் காலையில் புல்மேல் நிற்பதையும், மூடுபனியையும், துருவத்துப் பனிக்கட்டியையும் சமாளித்துவிடுகிறோம். டொரண்டோத் தமிழர்கள் அதனாலேயே ‘ஸ்னோ கொட்டுது’, ‘ஸ்னோ தள்ளணும்’ என்று ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த ஆங்கிலத்திலும் குழப்பம் தீரவில்லை. ‘பிளிசார்ட்’ என்றால் பனி நிறையக் கொட்டுவது என்றே பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்க வானிலைச் சேவையின் வரையறையில் எத்தனை அங்குலம் என்ற கேள்வியே கிடையாது. மணிக்கு 35 மைல், அதாவது 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று. கால் மைலுக்கும் குறைவான பார்வைத் தொலைவு. இரண்டும் சேர்ந்து குறைந்தது மூன்று மணி நேரம். அவ்வளவுதான். புதிதாக ஒரு துகள் விழாமல் தரையில் கிடக்கும் பனியே பறந்தாலும் அது பிளிசார்ட்தான்.

இதற்குச் சாட்சியும் அதே ஊரில்தான் இருக்கிறது. 1977 ஜனவரி 28-இல் தொடங்கிய பிளிசார்டை பஃபலோவின் முதியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்த ஆண்டு ஈரி ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. உறைந்த ஏரியின்மேல் வாரக்கணக்கில் பொடிப்பனி சேர்ந்து கிடந்தது. புயல் வந்தபோது புதிதாக விழுந்தது ஓர் அடி அளவுதான். மணிக்கு 69 மைல் வேகக் காற்று ஏரியின்மேல் கிடந்ததையெல்லாம் அள்ளி ஊருக்குள் கொண்டுவந்து கொட்டியது. 29 பேர் இறந்தார்கள். ஓர் அடி புதுப் பனியில் 29 பேர்; எண்பது அங்குலத்தில் சிலர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாவுக்கும் பனியின் உயரத்துக்கும் நேரடி உறவில்லை என்பது விளங்கும்.

கொல்வது மூன்று: கண் தெரியாமை, குளிர், அவை நீடிக்கும் நேரம். வெப்பநிலை மைனஸ் 13 செல்சியஸ், காற்று மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால், காற்றுக்குளிர் சூத்திரப்படி உடல் உணர்வது ஏறக்குறைய மைனஸ் 28. திறந்த தோலில் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைபுண் வரக்கூடிய எல்லை அது. சாலையில் சிக்கிய காரை விட்டிறங்கி, தெரிந்த தெருவில், தெரிந்த வீட்டை நோக்கி நடக்கிற ஒருவர் ஐந்து நிமிடத்தில் திசை தவறிவிடுவார். பஃபலோவில் இறந்தவர்களை வகை பிரித்தால், எண்ணிக்கையில் முதலில் வருபவர்கள் வெளியில் கண்டெடுக்கப்பட்டவர்கள். அடுத்து, மின்சாரமும் சூடும் போன வீட்டுக்குள் விறைத்தவர்கள். பிறகு காருக்குள் சிக்கியவர்கள், பனி தள்ளும்போது மாரடைப்பு வந்தவர்கள், ஆம்புலன்ஸ் வர முடியாததால் போனவர்கள்.

இந்த முறை அந்த மூன்றும் ஏன் இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்றன? வழக்கமான ஏரிப் பனிப்பொழிவில் காற்று திரும்பத் திரும்பப் பட்டை ஊசலாடும். ஒவ்வொரு ஊருக்கும் இடைவேளை கிடைக்கும். இந்த முறை தாழ்வழுத்தம் கியூபெக் பக்கம் போய் மெதுவாகிவிட, பஃபலோவின்மேல் தென்மேற்குக் காற்று அசையாமல் வீசியது. பட்டை தெற்கூர்களுக்குப் போகாமல் நகரின்மேலும் அதன் வடக்குப் புறநகர்கள்மேலும் உட்கார்ந்துகொண்டது. மணிக்கு 70 மைலைத் தொட்டும் தாண்டியும் வீசிய காற்று ஏரி நீரையே கிழக்கு நோக்கித் தள்ளியது. பஃபலோப் பக்கம் நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் ஏறியபோது, மறுமுனையில் டொலீடோ நகரின் மாமி ஆற்றில் தரை தெரிந்தது. குளியல் தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்வதுபோல் சாயும் இதற்குப் பெயர் ‘சீஷ்’. கரையில் மோதித் தெறித்த அலை அப்படியே உறைந்து, எதிர்க்கரையில் ஒன்டாரியோவின் கிறிஸ்டல் பீச் கிராமத்து வீடுகளைப் பனிக்கட்டிக் கூடாக மாற்றியது. பார்க்க அழகான படங்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

கணிப்பாளர்களின் கருவிகளும் இங்கே ஓரளவுக்குத்தான் உதவும். ஏரிப் பனிமேகங்கள் தாழ்வானவை. உச்சி மூன்று, நான்கு கிலோமீட்டர்தான். ராடார் கதிரோ தொலைவு போகப் போக உயரே ஏறிவிடும். கொஞ்ச தூரம் போனதும் மேகத்தின் தலைக்கு மேலேயே பறக்கும். அந்தக் குறையை நிரப்ப நியூயார்க் மாநிலம் முழுவதும் 126 தானியங்கி நிலையங்களை நிறுவியிருக்கிறது. அவற்றில் பனியின் ஆழத்தை அளக்கும் கருவியும் கேமராவும் உண்டு. அவற்றோடு 17 இடங்களில், நிலத்திலிருந்து மேல்நோக்கிக் காற்றையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகள். கணினிப் பக்கம், மூன்று கிலோமீட்டர் கட்டங்களில் ஓடும் மாதிரி மணிக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பட்டை எந்தச் சாலையின்மேல் நிற்கும் என்று பன்னிரண்டு மணி நேரம் முன்பு சொல்ல இவை உதவும். மூன்று நாள் முன்பு சொல்ல முடியாது. ஆனால் இந்தப் புயலில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. காற்றும் குளிரும் பட்டை நிற்காத இடத்திலும் வரப்போகின்றன என்பது நாள்கணக்கில் முன்பே உறுதி.

பனியின் அளவைச் சொல்வதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஓர் அங்குலத் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. ஏரிப் பனி அதைவிடப் பஞ்சு. இருபதுக்கு ஒன்று சாதாரணம். மைனஸ் 12-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில் மேகத்தில் வளரும் ஆறு கை நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியாமல் இடைவெளி விட்டு நிற்பதால் இந்தப் பஞ்சுத்தன்மை. ஆனால் எழுபது மைல் காற்றில் அந்தக் கைகள் ஒடிந்து தூளாகிவிடும். தூள் நெருக்கமாகப் படியும், மாவுபோல இறுகும். இறுகிய குவியலைச் சாதாரணப் பனி உழும் வண்டி தள்ள முடியாது. மண் அள்ளும் இயந்திரங்களைக் கொண்டுவந்துதான் அள்ள வேண்டும். எத்தனை அங்குலம் என்ற எண்ணில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.

இனி அந்த வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருவோம்.

பிளிசார்ட் எச்சரிக்கை ஒரு முழு நாளுக்கும் மேலாக முன்பே விடுக்கப்பட்டிருந்தது. ஈரி மாவட்ட நிர்வாகம் வண்டி ஓட்டத் தடை போட்டது வெள்ளி காலை 9.30-க்கு. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் காலை வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய கடைசி வேலைநாள் அது. பனிப்பொழிவு தொடங்கியபின் தடை வந்தால், வேலையில் இருப்பவர் என்ன செய்வார்? வீட்டுக்குத் திரும்பப் பார்ப்பார். அப்படித் திரும்பிய வண்டிகள்தான் சாலைகளை அடைத்தன. அவற்றை எடுக்கப் போன இழுவை வண்டிகள் சிக்கின. மீட்கப் போன ஆம்புலன்ஸ்கள் சிக்கின. சனிக்கிழமை நகரின் தீயணைப்பு வண்டிகளில் ஏறக்குறைய எல்லாமே மாட்டிக்கொண்டதாக ஆளுநர் கேத்தி ஹோக்குல் சொன்னார். அவரே பஃபலோக்காரர். துணைமின் நிலையங்கள் பனியில் உறைந்து ஆயிரக்கணக்கான வீடுகள் இருளில் கிடந்தன. சரிசெய்யும் ஆள் அங்கே போக வழியில்லை.

மாவட்ட நிர்வாகி மார்க் பொலன்கார்ஸ், இரவு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களை மனத்தில் வைத்தே முன்னிரவில் தடை போடவில்லை என்று விளக்கினார். தவறு என்றால் அந்தப் பழியைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். அந்த விளக்கத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. இரவுப் பணியில் மருத்துவமனைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. ஆனால் தடையை இரவே அறிவித்து, அமல் நேரத்தைக் காலை ஏழு என்று வைத்திருந்தால் இரண்டு தரப்பும் தப்பியிருக்கும். முதலாளி ‘இன்று வராதே’ என்று சொல்வதற்கு அந்த அறிவிப்பு ஒன்றுதான் சாக்கு. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர் வானிலை எச்சரிக்கையைக் காட்டி விடுப்புக் கேட்க முடியாது. சட்டத்தடையைக் காட்டித்தான் கேட்க முடியும்.

ஏன் தயங்கினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும், வேறொரு ஊருக்கு. 2015 ஜனவரி 26. நியூயார்க் மாநகருக்கு 20 முதல் 30 அங்குலம் வரை வரும் என்றது கணிப்பு. ஐரோப்பிய மாதிரி கனமான பட்டையை மாநகரின்மேலேயே வைத்திருந்தது. அமெரிக்க மாதிரி கிழக்கே தள்ளி வைத்தது. கணிப்பாளர்கள் ஐரோப்பாவை நம்பினார்கள். அன்றைய ஆளுநர் ஆண்ட்ரூ கியோமோ இரவு 11 மணிக்குச் சுரங்க ரயிலை நிறுத்தினார். பனிக்காக அதை நிறுத்தியது அதுவே முதல் தடவை. விடிந்தது. சென்ட்ரல் பார்க்கில் 9.8 அங்குலம். கொஞ்சம் கிழக்கே, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9, மாசசூசெட்ஸின் வுஸ்டரில் 34.5. புயல் பொய்க்கவில்லை, எல்லைக்கோடு தள்ளிப்போனது. ஆனால் எண்பது லட்சம் பேர் இருந்தது கோட்டின் தவறான பக்கத்தில். நியூஜெர்சியிலுள்ள வானிலை அலுவலகத்தின் தலைவர் கேரி சட்கோவ்ஸ்கி ட்விட்டரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அரசு ஊழியர் மேகத்துக்காக மன்னிப்புக் கேட்டதை அதற்குமுன் நான் கேள்விப்பட்டதில்லை. நிச்சயமின்மையை இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று தேசிய வானிலை சேவையின் இயக்குநர் லூயி உச்செலினியும் ஒப்புக்கொண்டார்.

அந்த இரவில் வெறும் சாலைகளைப் பார்த்து எல்லாரும் கேலி செய்தார்கள். அப்படிக் கேலிக்கு ஆளாவோம் என்ற அச்சம் எந்த அதிகாரியின் மேசையிலும் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். பொய்த்த கணிப்பால் நியூயார்க்கில் நடந்த சேதம் ஒரு நாள் வேலையும் சில ஜோக்குகளும். பலித்த கணிப்பைத் தாமதமாக எடுத்துக்கொண்டதால் பஃபலோவில் போனது 47 உயிர். ஆனால் அரசியலில் இவை இரண்டுக்கும் விலை வேறு மாதிரிதான் போடப்படுகிறது.

யார் இறந்தார்கள் என்ற கேள்விக்கு 2023-இல் ஒரு விடை வந்தது. நகர நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வாக்னர் பள்ளி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பஃபலோ நகர எல்லைக்குள் இறந்தவர்கள் 31 பேர். அவர்களில் 20 பேர் கறுப்பின மக்கள். நகர மக்கள்தொகையில் அவர்களின் பங்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். நகரின் கிழக்குப் பகுதியில் வீடுகள் பழையவை, சுவரில் காற்றுத்தடுப்பு மோசம், கார் இல்லாதவர்கள் அதிகம், பெரிய மளிகைக் கடைகள் குறைவு. இருந்த முக்கியமான ஒரு சூப்பர் மார்க்கெட்டில்தான் புயல் வந்த அதே 2022-இல், மே 14 அன்று இனவெறித் துப்பாக்கிச் சூட்டில் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். ‘மூன்று நாளுக்கு வேண்டியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது எச்சரிக்கைக் குறிப்புகளில் எப்போதும் வரும் வரி. மூன்று நாள் சாமானுக்கு முன்பணம் இருப்பவர்களுக்கு எழுதப்பட்ட வரி அது. சம்பளத்தை வெள்ளிக்கிழமை வாங்கி, வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிறவருக்கு அதில் வழி இல்லை.

ஊர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரான செக்டோவாகாவில் ஒருவர், பூட்டியிருந்த பள்ளிக்கூடத்தின் கண்ணாடியை உடைத்து, வழியில் சிக்கியிருந்த இருபதுக்கு மேற்பட்டவர்களை உள்ளே சேர்த்தார். போகும்போது துப்புரவு செய்துவிட்டு, உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டும் எழுதி வைத்தார். வில்லியம்ஸ்வில்லில் வேன் சிக்கி, மண்வெட்டி கேட்டுக் கதவைத் தட்டிய தென்கொரியச் சுற்றுலாப் பயணிகளை ஒரு தம்பதியர் கிறிஸ்துமஸ் வரை வீட்டில் வைத்துச் சோறு போட்டார்கள். விருந்தாளிகளே கொரியச் சமையலும் செய்தார்களாம். ஆனால் அக்கம்பக்கத்தார் நல்லவராக இருப்பதை நம்பி ஒரு மாவட்டம் பேரிடர்த் திட்டம் போட முடியாது.

என் குறை கணிப்பாளர்கள்மேலும் கொஞ்சம் உண்டு. அவர்கள் சொன்னதில் தவறில்லை. சொன்ன வடிவத்தில் இருக்கிறது. தொலைக்காட்சியில் காட்டப்படும் படம் எப்போதும் ஒன்றுதான்: வண்ண வண்ணமாக அங்குலக் கணக்கு. ஊதா நிறம் ஊருக்குமேல் இருந்தால் பயம், இல்லாவிட்டால் நிம்மதி. இந்தப் புயலில் காட்டியிருக்க வேண்டியது ஒரு கடிகாரம். ‘வெள்ளி காலை ஒன்பது மணிக்குப் பின் உங்கள் தெருவில் உங்கள் கையை நீட்டினால் விரல் தெரியாது; ஞாயிறு வரை தெரியாது; அந்த நேரத்தில் அழைத்தால் யாரும் வரமாட்டார்கள்.’ கடைசி வாக்கியம் எந்த எச்சரிக்கையிலும் இருப்பதில்லை. வானிலை அலுவலகம் அதைச் சொல்ல முடியாது, அது தீயணைப்புத் துறையின் வேலை. தீயணைப்புத் துறை சொல்லாது, தன் இயலாமையை முன்கூட்டி அறிவிக்கும் துறை எங்கே இருக்கிறது? இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவில் விழுந்துவிட்ட அந்த ஒரு வாக்கியம்தான் பலருக்குத் தேவைப்பட்டது.

2024 ஜனவரியில் பஃபலோவுக்கு அடுத்த தேர்வு வந்தது. ஜனவரி 14, ஞாயிறு பிற்பகல் ஆர்ச்சர்ட் பார்க்கில் பஃபலோ பில்ஸுக்கும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கும் பிளேஆஃப் ஆட்டம், அதாவது தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று. அதே தென்மேற்குக் காற்று, அதே ஏரிப்பட்டை, மணிக்கு 65 மைல் வரை காற்று என்ற கணிப்பு. இந்த முறை சனிக்கிழமை பகலிலேயே ஆட்டத்தைத் திங்களுக்குத் தள்ளிவைத்தார்கள். சனி இரவு 9 மணிக்கு மாவட்டம் முழுவதும் பயணத் தடை அமலுக்கு வந்தது; அறிவிப்பு அதற்கு மணிக்கணக்கில் முன்பே. அமெரிக்காவில் ஒரு அமெரிக்கக் கால்பந்து பிளேஆஃபை நகர்த்துவது என்றால் நம் ஊரில் தேர்த் திருவிழாத் தேதியை மாற்றுவது மாதிரி. முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனாலும் நகர்த்தினார்கள்.

ஞாயிறு முழுவதும் பனி கொட்டியது. திங்கள் காலை மைதானத்தின் இருக்கைகளில் இடுப்பளவு நின்றதைத் தள்ள, மணிக்கு 20 டாலர் கூலிக்கு ஊரார் மண்வெட்டியோடு வந்தார்கள். நேரம் போதவில்லை. மாலை நான்கரைக்கு ஆட்டம் தொடங்கியபோது பாதி இருக்கைகள் இன்னும் பனிக்குள்ளேயே இருந்தன. ரசிகர்கள் அவரவர் இடத்தைக் கையால் தோண்டி உட்கார்ந்துகொண்டு, பில்ஸ் புள்ளி எடுக்கும்போதெல்லாம் பனியை அள்ளி அள்ளி வானத்தில் வீசினார்கள்.